குழந்தையும் கூண்டும்: பொறுப்பு யாருடையது?

காவிரிப் பாசன நாட்டில் பிறந்த குழந்தை கண்ணெதிரே காணும் முதல் பெரிய மிருகம் பெரும்பாலும் கோயில் யானையே. மன்னார்குடியில் செங்கமலம் என்றும், கும்பகோணத்தில் மங்களம் என்றும், மயிலாடுதுறையில் அபயாம்பிகை என்றும் பெயர் சொல்லி அழைத்து, வாழைப்பழம் கொடுத்து, தும்பிக்கையால் தலையில் ஆசி பெற்று, வீட்டு மனுஷியிடம் பழகுவது போலப் பழகிவிட்ட நமக்கு, மிருகத்திற்கும் மனிதனுக்கும் நடுவே ஓர் இடைவெளி அவசியம் என்ற எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வண்டலூருக்கும் ரயிலேறுகிறோம்.

1855 இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் நிலையத்தருகே நெடுங்காலம் இருந்து, 1985 இல் வண்டலூருக்குப் பெயர்ந்த அந்த மிருகக்காட்சிசாலை இன்று சுமார் 600 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. இரும்புக் கம்பிகளுக்குப் பதிலாக அகழியும் தாழ்ந்த சுவருமே அங்கே பல இடங்களில் நம்மையும் மிருகங்களையும் பிரிக்கின்றன. இந்த ஏற்பாடு மிருகங்களுக்கு மிகவும் நல்லது. ஆனால் கம்பியைக் கண்டதும் மனத்தில் தானாக எழும் அச்சம் அகழியைக் கண்டால் எழுவதில்லை. ஆகவே கண்ணுக்குப் புலப்படாத அபாயத்தை நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

அப்படிப்பட்ட ஓர் அகழியில்தான், 2016 ஆம் ஆண்டு மே 28 ஆம் தேதி, அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில், மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தடுப்பைக் கடந்து சுமார் பதினைந்து அடி ஆழத்தில் விழுந்தான். அங்கிருந்த ஹராம்பே என்னும் பதினேழு வயது ஆண் கொரில்லா அவனைப் பற்றித் தண்ணீரில் இழுத்துச் சென்றது. மேலே நின்ற கூட்டத்தின் கூச்சலால் அதன் கலவரம் அதிகமாயிற்று. மயக்க ஊசி பலிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும், அதற்குள் ஊசி தைத்த வேதனையில் மிருகம் வெறிகொண்டுவிடக்கூடும் என்று கருதி, அதிகாரிகள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். சிறுவன் பிழைத்தான். உலகத்தில் அருகி வரும் இனத்தைச் சேர்ந்த அந்த ஜீவன், தான் செய்யாத குற்றத்திற்கு உயிரைக் கொடுத்தது.

உடனே உலகெங்கும் எழுந்த விவாதம் பெரும்பாலும் அந்தத் தாயைச் சுற்றியே சுழன்றது. அவளைத் தண்டிக்க வேண்டும் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். விசாரித்த அரசு வழக்கறிஞரோ அவள் மீது வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தார். பின்னர் ஆராய்ந்த மத்திய அரசின் பரிசோதகர்கள் தடுப்பே போதுமானதாக இல்லை என்று கண்டார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த முடிவுகளே நியாயமானவை. மிருகத்தை வைத்திருப்பவனும், நுழைவுக் கட்டணம் வாங்குபவனும், வருகிறவர்களில் பலர் ஓடியாடும் குழந்தைகள் என்பதை நன்கு அறிந்தவனுமான நிர்வாகிக்கே முதற்பொறுப்பு. மூன்று வயதுக் குழந்தை ஒரு கணத்தில் கையை உதறிக்கொண்டு ஓடாத வீடு உலகத்தில் இல்லை; அந்த ஒரு கணத்தை எதிர்பார்த்துத்தான் தடுப்பு கட்டப்பட வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1992 இல் அமைந்த மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையத்தின் அங்கீகாரமின்றி எந்த மிருகக்காட்சிசாலையும் நடத்தக்கூடாது. பார்வையாளர்களைத் தக்க தூரத்தில் நிறுத்தும் தடுப்பும் எச்சரிக்கைப் பலகைகளும் இருக்க வேண்டும் என்பது விதி. தன் வசமுள்ள மிருகத்தால் மனித உயிருக்கு அபாயம் நேராதபடி காக்கத் தவறுகிறவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதையின் 291 ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. குழந்தையை வேண்டுமென்றே அலட்சியப்படுத்திய பாதுகாவலரைத் தண்டிக்க 2015 ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் 75 ஆம் பிரிவு உண்டு; ஆனால் தெரிந்தே கைவிடுவதற்கும் கணநேரக் கவனக்குறைவுக்கும் உள்ள வேற்றுமையை மறந்து, பதைத்து நிற்கும் தாயைத் தூற்றுவது நீதியாகாது. மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு வனவிலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்று 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்கிறது.

இவ்வளவும் பெற்றோர்க்கு விடுதலைப் பத்திரம் அன்று. கணநேரத்தில் நேர்வது விபத்து. புகைப்படத்திற்காகக் குழந்தையைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் உட்கார வைப்பதும், தூங்குகிற சிங்கத்தை எழுப்பக் கல்லெறியச் சொல்லிக் கொடுப்பதும், குரங்கின் கையில் முறுக்கை நீட்டச் செய்வதும் விபத்து அல்ல. தெரிந்து செய்யும் பிழை. மிருகக்காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதையும், அதற்குத் தீனி போடுவதையும், கூச்சலிட்டுக் கலைப்பதையும் வனவிலங்குச் சட்டத்தின் 38 ஜே பிரிவு தடை செய்திருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இந்தப் பிரிவை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

கூட்டத்திற்கும் ஒரு கடமை உண்டு. 2014 செப்டம்பர் 23 இல் டெல்லி மிருகக்காட்சிசாலையில் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழியில் விழுந்தபோது, புலி உடனே பாயாமல் சில நிமிஷங்கள் அவரைப் பார்த்தபடி நின்றது என்றும், மேலிருந்தவர்கள் கல்லெறிந்து கூச்சலிட்டார்கள் என்றும் அன்றைய செய்திகள் கூறின. அவர் உயிர் தப்பவில்லை. இப்படி ஒன்று நேரும்போது செய்யத்தக்கது, காவலரிடம் ஓடிச் சொல்வதும், கூட்டத்தை விலக்கி நிசப்தம் காப்பதுமே. கல்லும் கூச்சலும் வேண்டவே வேண்டாம்.

வண்டலூருக்கு நாம் ஆண்டுக்கொருமுறை போனாலும் அதிகம். கோயிலுக்கோ வெள்ளிதோறும் போகிறோம். 2024 நவம்பர் 18 இல் திருச்செந்தூர்க் கோயில் யானை, தன்னைப் பராமரித்த பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கிக் கொன்றது. நாள்தோறும் உணவூட்டிய கைக்கே அந்தக் கதி என்றால், முன்பின் அறியாத குழந்தையை அதன் காலடியில் நிறுத்துவது எத்தகைய துணிச்சல்! பயம் தெளியும் என்று குழந்தையை யானையின் வயிற்றுக்கடியில் நுழைய வைக்கும் வழக்கத்தை நம் பக்கத்துப் பாட்டிமார்களிடம் மன்றாடியாவது நிறுத்த வேண்டும். கோடியக்கரைக்குப் போகிறவர்கள் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதிருக்க வேண்டும். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம்.

நிர்வாகத்தின் கவனக்குறைவால் காயம் நேர்ந்தால் பரிகாரம் உண்டு. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நுழைவுச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். உடைந்த தடுப்பைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநருக்கும் காவல் நிலையத்திற்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். கட்டணம் பெற்று அனுமதித்த இடமானால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் நஷ்டஈடு கோரி முறையிடலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டியதில்லை: 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி உரிமையாகும், தஞ்சை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுத்தால் போதும்.

அடிபட்ட பிறகு கொடுக்கும் புகாரைக் காட்டிலும், அடிபடுமுன் கொடுக்கும் புகார் மேலானது. அடுத்த முறை போகும்போது குழந்தையின் கையைப் பிடித்திருங்கள். தாழ்ந்த தடுப்போ, பெயர்ந்த கம்பியோ, காவலரில்லாத அகழியோ கண்ணில் பட்டால், பேசாமல் வந்துவிடாமல், அன்றே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.