பழைய டீசல் கார்: புகையின் நிறமே முதல் தடயம்

சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. ஏற்கெனவே சாலையில் உள்ளவை தொடர்ந்து ஓடலாம். ஆனால் பத்து ஆண்டைத் தாண்டிய கார் ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். சாலை வரியோடு 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை கூடுதல் கட்டணமும் உண்டு. இந்த நிலையில், கோளாறு இன்னதென்று தெரியாமலேயே ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பது பணத்தை வீணாக்கும்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. எனவே காற்று, எரிபொருள், அழுத்தம் இம்மூன்றில் எது குறைந்தது என்பதே முதல் கேள்வி. அதற்கான தடயம் புகைபோக்கியிலேயே கிடைக்கும்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகமாகிறது. மலிவான காற்று வடிகட்டியை முதலில் பார்க்கவேண்டும். அடுத்து டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு உள்ளதா, ‘இஜிஆர்’ வால்வில் கரி படிந்துள்ளதா என்று சோதிக்கலாம். இன்ஜெக்டரைச் சந்தேகிப்பது அதன் பிறகுதான்.

நீலப் புகை என்றால் இஞ்சின் எண்ணெய் எரிகிறது. டர்போவின் சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங் ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகைக்கு இரு காரணங்கள் உண்டு. கண் எரியும் அளவுக்கு டீசல் வாடை வந்தால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. இனிப்பான வாடையோடு கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் காரைத் தொடர்ந்து ஓட்டக்கூடாது. இஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் கூடாது.

காலையில் கார் எளிதில் கிளம்பவில்லை என்றால் பலரும் குளோ பிளக்கைத்தான் குறை சொல்வார்கள். குளிர்நாடுகளில் அது சரி. சிங்கப்பூரின் வெப்பத்தில், நல்ல நிலையில் உள்ள பல இஞ்சின்கள் குளோ பிளக் சரியாக இல்லாவிட்டாலும் கிளம்பிவிடும். கேமரன் மலைக்குச் சென்ற மறுநாள் காலையில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே இங்கு முதலில் பார்க்கவேண்டியவை பேட்டரியும் டீசல் ஃபில்டரும். பிறகு, எரிபொருள் குழாய்க்குள் காற்று புகுகிறதா என்பதை அறிய, குழாயின் இடையில் சிறிது தூரம் ஒளிபுகும் குழாயைப் பொருத்திப் பார்ப்பார்கள். உள்ளே குமிழிகள் ஓடினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இன்ஜெக்டரைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிப் புட்டிகளில் பிடிப்பார்கள். மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் புட்டி, பழுதான இன்ஜெக்டரைக் காட்டிக்கொடுக்கும். நான்கையும் மாற்றவேண்டும் என்று பணிமனை சொன்னால், இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது. ‘காமன் ரெயில்’ குழாயில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கையால் கசிவைத் தேடினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சற்றுப் புதிய டீசல் கார்களில் இன்னொரு தொல்லை, ‘டிபிஎஃப்’ எனப்படும் கரித்துகள் வடிகட்டி. அதில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. சிராங்கூன் சாலை நெரிசலில் தினமும் சிறு தூரம் மட்டும் ஊர்ந்து செல்லும் காரில் அந்த வெப்பம் வராது. வடிகட்டி அடைத்து இழுவை குறையும். அவ்வப்போது விரைவுச்சாலையில் தடையின்றி ஓட்டுவது உதவும். அடிக்கடி அடைத்தால், கரி ஏன் அதிகம் சேர்கிறது என்று பார்க்கவேண்டும். வடிகட்டியை மட்டும் மாற்றுவது தீர்வாகாது.

பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன் இஞ்சின் அழுத்தச் சோதனையைச் செய்யச் சொல்வது நல்லது. சிலிண்டர்களின் அழுத்தம் சீராக இருந்தால் இன்ஜெக்டர், டர்போ செலவு பயன் தரலாம். ஒன்றில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் இஞ்சினையே பிரிக்கவேண்டி வரலாம்.

அப்போது சிஓஇ காலாவதி தேதியையும் பார்க்கவேண்டும். புதுப்பிக்கச் செலுத்தும் தொகை, முந்தைய மூன்று மாத சிஓஇ கட்டணங்களின் சராசரி. பத்து ஆண்டு முடிவில் புதுப்பித்தால் ‘பார்ஃப்’ கழிவு கிடைக்காது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரை மறுபடி புதுப்பிக்க இயலாது. எஞ்சிய மாதங்களோடு பழுதுச் செலவை ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்கவேண்டும்.

சின் மிங், காக்கி புக்கிட் என எங்குள்ள பணிமனைக்குச் சென்றாலும், நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டு போகலாம்: புகையின் நிறம், அது கிளம்பும்போது வருகிறதா மேம்பாலம் ஏறும்போது வருகிறதா, எண்ணெயோ கூலன்டோ எவ்வளவு குறைந்தது, கடைசியாக ஃபில்டர் மாற்றிய தேதி. இவை கையில் இருந்தால் பழுதுபார்ப்பவர் ஊகத்தில் பாகம் மாற்றவேண்டியிராது.