செலனியப் புரதங்களும் மூளை நலிவு நோய்களும்

முதுமையில் நினைவு தேய்வதையும் கைகால்கள் நடுங்கித் தளர்வதையும் வயதின் இயல்பென்றே முன்னோர் கருதி வந்தனர். அவற்றுட் பல, மூளையின் குறித்த பகுதிகளில் நரம்புக்கலங்கள் படிப்படியாக அழிவதனால் தோன்றும் நோய்கள் என்பது இன்று தெளிவாகியுள்ளது. அல்சைமர் நோய், பார்க்கின்சன் நோய், இயக்க நரம்புக்கல நோய் ஆகியன இவ்வகையின. இவற்றை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. மருந்தில்லாத இடத்தில் வணிகம் நுழைவது இயற்கையே. மூளையைக் காக்கும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் ஊட்ட மாத்திரைகளுட் பலவற்றில் செலனியமும் ஒரு கூறாக இடம்பெறுகின்றது.

இவ்விடத்து இரு வினாக்கள் எழுகின்றன. செலனியத்தைக் கொண்ட புரதங்கள் மூளைக்கு இன்றியமையாதனவா? அங்ஙனமாயின், செலனியத்தை மேலதிகமாக உண்பது நோயைத் தடுக்குமா? முதல் வினாவுக்கு ஆய்வுகள் ஆமென விடை தருகின்றன. அவ்விடையையே இரண்டாம் வினாவுக்கும் உரியதாகக் கொள்வது தவறு. அத்தவறு எங்கே நிகழ்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஞ்சும் ஊட்டமும்

சுவீடன் நாட்டு இரசாயனவியலாளரான பெர்சீலியசு 1817ஆம் ஆண்டில் செலனியத்தைக் கண்டறிந்தார். நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இம்மூலகம் தன் பெயரைப் பெற்றது. ஆவர்த்தன அட்டவணையில் இது கந்தகத்துக்கு நேர்கீழே அமைந்திருப்பதால், இரண்டின் இரசாயன இயல்புகளும் நெருங்கிய ஒற்றுமை உடையன.

நெடுங்காலம் செலனியம் ஒரு நஞ்சாகவே அறியப்பட்டிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் டகோட்டாப் பகுதிகளில் செலனியம் மிகுந்த நிலத்தில் மேய்ந்த கால்நடைகள் நோயுற்றமைக்கு அதுவே காரணமென 1930களில் உணரப்பட்டது. 1957இல் சுவார்ட்சு, ஃபோல்ட்சு என்னும் இருவர் இக்கருத்தை மாற்றினர். உணவில் மிகச் சிறிய அளவு செலனியம் இருப்பின் எலிகளின் ஈரல் அழிவு தடுக்கப்படுவதை அவர்கள் காட்டினர். 1973இல் குளுத்தாதயோன் பேரொட்சிடேசு என்னும் நொதியத்தில் செலனியம் அடங்கியிருப்பது கண்டறியப்பட்டபோது, அது உடலில் ஆற்றும் பணியின் முதற் சான்று கிடைத்தது.

சீனாவின் கேசான் மாவட்டத்தில் 1935இல் இனங்காணப்பட்டு அம்மாவட்டத்தின் பெயரையே பெற்ற இதயத்தசை நோய், செலனியம் குறைந்த மண்ணையுடைய பிரதேசங்களில் வாழ்ந்த ஏழைக் குடியானவரின் பிள்ளைகளையும் பெண்களையும் பெரிதும் தாக்கியது. 1970களில் அங்கு செலனிய மாத்திரைகள் வழங்கப்பட்டபோது நோய் வெகுவாகக் குறைந்தது. குறைபாடு இருந்த இடத்தில் மாத்திரை உயிர் காத்தது என்னும் இவ்வுண்மையைப் பின்னர் வரும் செய்தியோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

இருபத்தோராவது அமினோவமிலம்

புரதங்கள் யாவும் இருபது அமினோவமிலங்களால் ஆனவை என்று பாடநூல்கள் கூறிவந்தன. செலனியம் இவ்வரிசையில் இருபத்தொன்றாவதைச் சேர்த்தது. சிஸ்டீயின் என்னும் அமினோவமிலத்தில் கந்தக அணு இருக்கும் இடத்தில் செலனிய அணு அமைந்தால் அது செலனோசிஸ்டீயின் ஆகும். இது புரதத்தினுள் நுழையும் முறை வியப்புக்குரியது. பரம்பரையலகின் செய்தியில் "இங்கே நிறுத்துக" என்று பொருள்படும் ஒரு குறியீடே, செய்தியின் பிறிதோரிடத்தில் அமைந்துள்ள ஒரு மடிப்பின் துணையோடு, "இங்கே செலனோசிஸ்டீயினைச் சேர்க்க" என்று வாசிக்கப்படுகின்றது. இவ்வுண்மை 1986இல் வெளிப்பட்டது. மனிதரில் இத்தகைய புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் இருபத்தைந்து உள்ளன.

இத்தனை சிக்கலான ஏற்பாட்டில் ஒரு கண்ணி பழுதுபட்டால் என்ன நேரும்? செலனோசிஸ்டீயினை ஆக்குவதற்கு வேண்டிய ஒரு நொதியத்தின் பரம்பரையலகு பிறழ்ந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2010இல் வெளியாயிற்று. அக்குழந்தைகளின் மூளையமும் மூளியும் பிறப்பின் பின்னர் படிப்படியாகச் சுருங்கின. வளர்ச்சி குன்றி, வலிப்பும் தசை விறைப்பும் தோன்றின. உடலின் பல உறுப்புகளிலும் செலனியப் புரதங்கள் உள்ளனவாயினும், இக்குறைபாட்டால் முதன்மையாகத் தாக்கப்பட்டது மூளையே.

மூளை ஏன் முதலில் வீழ்கின்றது?

உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே கொண்ட மூளை, உடல் ஓய்வாக இருக்கையில் செலவாகும் ஒட்சிசனில் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கைப் பயன்படுத்துகின்றது. நரம்புக்கலங்களின் மென்சவ்வுகளோ நிரம்பாக் கொழுப்பமிலங்கள் மிகுந்தவை. இவை ஒட்சியேற்றத்துக்கு எளிதில் ஆளாவன. தேங்காயெண்ணெய் நெடுநாள் கெடாதிருக்க, மீனெண்ணெய் விரைவில் கெட்டு நாறுவதற்கும் இவ்வேறுபாடே காரணம். மென்சவ்வில் ஒரு கொழுப்பு மூலக்கூறு பேரொட்சைட்டாக மாறின், அங்குள்ள இரும்பு அதனைத் தாக்கும் தன்மையுடைய துணிக்கையாகப் பிளக்கின்றது. அது அயல் மூலக்கூறைக் கெடுக்க, தீப்பற்றிய கூரைபோல் அழிவு பரவுகின்றது.

இத்தீயை அணைக்கும் நொதியங்களுள் தலையாயது, 1982இல் இத்தாலிய ஆய்வாளர் உர்சினியும் துணைவரும் விவரித்த செலனியப் புரதமாகும். இன்று அது குளுத்தாதயோன் பேரொட்சிடேசு–4 எனப்படுகின்றது. மென்சவ்வினுள்ளேயே கொழுப்புப் பேரொட்சைட்டுகளைத் தீங்கற்ற மதுசாரங்களாக மாற்றும் வல்லமை இதற்குண்டு. இரும்பின் துணையால் கொழுப்புகள் ஒட்சியேற்றமடைந்து கலம் இறக்கும் முறைக்கு 2012இல் "பெரொப்தோசிசு" என்னும் பெயர் இடப்பட்டது. இந்நொதியமே அச்சாவைத் தடுக்கும் முதற்காவல் என்பது 2014இல் நிறுவப்பட்டது. வளர்ந்த எலிகளின் நரம்புக்கலங்களில் இதனை நீக்கியபோது நீக்கிய இடத்துக்கேற்ப விளைவு வேறுபட்டது: முன்மூளையில் நீக்கின் நினைவாற்றல் குன்றியது, இயக்க நரம்புக்கலங்களில் நீக்கின் வாதம் கண்டு எலிகள் இறந்தன.

கந்தகமே இப்பணியைச் செய்யாதா என ஐயுறலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. செலனியத்துக்குப் பதிலாகக் கந்தகத்தைக் கொண்ட நொதியத்தோடு பிறந்த எலிகள் சில கிழமைகள் வாழ்ந்து, கடும் வலிப்பினால் மடிந்தன. மூளையின் கிளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒருவகை நரம்புக்கலங்கள் அழிந்தமையே இதற்குக் காரணம். கந்தகம் தாங்கிய நொதியத்தைப் பேரொட்சைட்டே செயலிழக்கச் செய்துவிடும். செலனியம் தாங்கியதோ அத்தாக்குதலை எதிர்த்து நிற்கும்.

வழங்கற் பாதை

உணவின் செலனியத்தை மூளைக்குக் கொண்டு செல்வதற்கென ஒரு தனிப் புரதம் உண்டு. ஈரலில் ஆக்கப்பட்டுக் குருதியில் செல்லும் செலனோபுரதம்–பீ, மனிதரில் பத்து செலனோசிஸ்டீயின் கூறுகளைச் சுமக்கவல்லது. மூளையிலுள்ள ஒரு வாங்கி அதனைப் பற்றி உள்ளெடுக்கின்றது. உணவில் செலனியம் குறையுங்கால் ஈரலும் தசையும் தம்மிடமுள்ளதை இழக்க, மூளை தன் பங்கைப் பெரிதும் காத்துக்கொள்கின்றது. செலனோபுரதம்–பீ இல்லாத எலிகளில் இக்காப்பு இல்லை. குறைந்த செலனிய உணவில் அவை நடை தள்ளாடி வீழ்ந்தன என்பதை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவ்வாங்கி, அல்சைமர் நோயின் ஆபத்தோடு தொடர்புடைய அப்போலிப்போபுரதம்–ஈ என்பதனையும் பற்றவல்லது என்பது மேலும் ஆராயத்தக்கது.

மனித நோய்களிலும் தடயங்கள் உண்டு. அல்சைமர் நோயாளரின் மூளையில் அமிலோயிட்டுப் படிவுகளோடு செலனோபுரதம்–பீ காணப்பட்டுள்ளது. பார்க்கின்சன் நோயில் அழியும் கருஞ்சடப் பகுதியில் இரும்பு மிகுவது நெடுங்காலமாக அறியப்பட்டது. அங்குள்ள நரம்புக்கலங்களில் குளுத்தாதயோன் பேரொட்சிடேசு–4 இருப்பதும் காட்டப்பட்டுள்ளது. ஆயினும் இறந்தோரின் மூளையிற் காண்பது நோயின் காரணமா, நோய்க்கெதிரான போராட்டத்தின் எச்சமா என்பதை இத்தடயங்களைக் கொண்டு மட்டும் துணிய முடியாது. தீப்பிடித்த வீட்டில் தீயணைப்போர் காணப்படுவதால் தீயை வைத்தவர் அவரே என்று கூறுதல் பொருந்தாது.

மாத்திரையின் எல்லை

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். வட அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 7,540 ஆண்கள் பங்குகொண்ட ஒரு பெருஞ் சோதனையில், நாளொன்றுக்கு 200 மைக்கிரோகிராம் செலனியமும் விற்றமின்–ஈயும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்க்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவின்படி இவற்றுள் எதுவும் முதுமை மறதிநோயைத் தடுக்கவில்லை. அவ்வாண்களின் உணவில் செலனியம் ஏற்கெனவே போதியதாக இருந்தமை இங்கு கருதத்தக்கது. காவலர் யாவரும் கருவியேந்தி நிற்கும் கோட்டையில் மேலும் கருவிகளைக் குவிப்பதால் காவல் வலுப்பெறாது. செலனியப் புரதங்களின் அளவு ஓரெல்லையை எட்டியபின், உண்ணும் செலனியம் அதனை உயர்த்துவதில்லை.

மிகையோ தீங்கிலிருந்து விலகியதன்று. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரின் ஒரு பகுதியில் 1970களிலும் 1980களிலும் செலனேற்று மிகுந்த கிணற்றுநீர் குடிநீராக வழங்கப்பட்டது. அதனைப் பருகியோரிடையே இயக்க நரம்புக்கல நோய் மிகுந்திருந்ததெனப் பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. இவை காரணத்தை ஐயமற நிறுவுவன அல்ல. எனினும் எச்சரிக்கைக்குப் போதுமானவை. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 55 மைக்கிரோகிராம் போதுமென்றும், 400ஐத் தாண்டலாகாதென்றும் அமெரிக்க மருத்துவ நிறுவகம் 2000ஆம் ஆண்டில் விதந்துரைத்தது. தேவைக்கும் தீங்குக்கும் இடைப்பட்ட வெளி இத்துணைக் குறுகியது.

ஆகவே, கேசானின் ஏழைச் சிறாருக்கு உயிர் தந்த அதே பொருள் போதிய உணவுடைய முதியோருக்குப் பயன்படவில்லை என்பதில் முரண்பாடு யாதுமில்லை. மூளையைக் காப்பது செலனியத்தின் குவியல் அன்று. அதனை ஏற்று, சுமந்து, உரிய இடத்தில் அமர்த்திப் பணிகொள்ளும் புரதங்களின் ஒழுங்கே. நலிவு நோய்களில் அவ்வொழுங்கு எக்கட்டத்தில் குலைகின்றது, அதனை மீட்கும் வழி யாது என்பனவே இன்றைய ஆய்வின் முன்னுள்ள வினாக்கள்.

அவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை, நினைவிழந்த தாயையோ தந்தையையோ பேணும் ஒரு குடும்பம் தன் அரிய வருவாயை மாத்திரைப் போத்தல்களில் இழக்காதிருக்க உதவுவதும் அறிவியலின் கடமையாகும். குறைபாடு உண்டா என்பதைக் குருதிப் பரிசோதனை சொல்லும். இல்லையாயின், அப்பணம் நல்ல உணவுக்கும் பேணுவோரின் ஓய்வுக்கும் செலவாவதே தக்கது.