மனநல நிலையத்தில் மாணவர் பயிற்சி: பெற்றோர் அறிய வேண்டியவை

எமக்கு நன்கு தெரிந்த தந்தை ஒருவர் ஒரு நாள் மாலை கையில் கடிதத்துடன் எம்மிடம் வந்தார். குடும்பமாக ரொறன்ரோ வந்து ஐந்து ஆண்டுகள். மூத்த மகள் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கிறாள். மனநல சிகிச்சை நிலையம் ஒன்றில் செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரை அவளுக்குப் பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது என்பதே கடிதத்தின் செய்தி.

"பிள்ளை படிக்கப் போனவள். விசர் ஆஸ்பத்திரியிலை அவளுக்கு என்ன வேலை? நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்கை கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்கவில்லை. எம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி வாய்க்குள்ளேயே நிற்கிறது. ஊரில் 'அங்கொடை' என்ற பெயரே ஒரு வசைச்சொல். ஆனால் இந்த ஊரும் அப்படித்தான் இருந்தது என்பதைப் பலர் அறியார்.

ரொறன்ரோ குயின் வீதியில் 1850 இல் ஒரு பெரிய மனநோயாளர் விடுதி திறக்கப்பட்டது. அதன் சுற்றுமதிலைக் கட்டியவர்கள் அங்கிருந்த நோயாளரே, கூலி கிடையாது. அம்மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அதன் கதவிலக்கம் 999. அந்த இலக்கத்தைச் சொன்னாலே ஊர் முகம் சுளித்ததால், 1979 இல் அதனை 1001 என மாற்றினார்கள். 1998 இல் அந்நிலையமும் வேறு மூன்று நிறுவனங்களும் ஒன்றாக்கப்பட்டு சீ.ஏ.எம்.எச். என்ற பெரும் மனநல வைத்தியசாலை உருவாயிற்று. மருத்துவம், தாதியியல், சமூகப் பணி எனப் பல துறை மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

பயிற்சி என்பது என்ன?

இதில் இரண்டு வகை உண்டு. உயர்தரப் பாடசாலை மாணவருக்கு 'கோ-ஒப்' என்ற ஏற்பாடு. ஒன்ராறியோவில் 110 மணித்தியாலத்துக்கு ஒரு கிரெடிட். இவர்கள் பெரும்பாலும் வரவேற்பு மேசை, அலுவலகம், பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் உதவி செய்வர்.

பல்கலைக்கழக மாணவரின் பயிற்சி வேறு. கனடாவில் சமூகப் பணியில் இளமாணிப் பட்டம் பெற ஆகக் குறைந்தது 700 மணித்தியாலக் களப்பயிற்சி வேண்டும். இது விரும்பினால் செய்யும் தொண்டு அல்ல. இது இல்லாமல் பட்டம் இல்லை. மாணவர் முதலில் அனுபவமுள்ள பணியாளர் அருகில் இருந்து பார்ப்பார். பின்னர் நோயாளருடன் பேசுவார், குழுக் கூட்டங்களில் அமர்வார், குறிப்பு எழுதுவார். அவர் செய்வது எல்லாவற்றுக்கும் மேற்பார்வையாளரே பொறுப்பு. மருந்து கொடுப்பதோ, நோயைத் தீர்மானிப்பதோ அவர் வேலையல்ல.

சேருமுன் நேர்முகம் உண்டு. பொலிஸ் பதிவுச் சான்றிதழ், தடுப்பூசி விபரம், காசநோய்ப் பரிசோதனை முதலியன கேட்கப்படலாம். 'பொலிஸ்' என்றதும் எம்மவர் மனம் பதறும். இது சந்தேகத்தால் கேட்பதல்ல. நோயாளர், முதியோர், சிறுவர் மத்தியில் பணிசெய்ய வரும் எவரிடமும் கேட்பது. அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாத மாணவர்கள் மட்டும், தமது அனுமதிப் பத்திரங்கள் இப்பயிற்சிக்கு இடந்தருகின்றனவா என்று பாடசாலையிடமும் தமது சட்டத்தரணியிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பணக் கஷ்டம்

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சம்பளம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே போனால் கடையிலோ தொழிற்சாலையிலோ செய்யும் வேலை குறையும். வாடகைக்கு அந்தக் காசை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விடயம் அல்ல. எமது தந்தைக்கும் கலியாணப் பேச்சுக்குப் பின்னால் இருந்த கவலை இதுதான் என்பது பிறகு தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் களப்பயிற்சிக்கு ஓர் அலுவலகம் உண்டு. வீட்டு நிலைமையை அங்கே வெளிப்படையாகச் சொல்லி, வீட்டுக்குக் கிட்டிய இடம், வேலை நேரத்துடன் மோதாத நாட்கள், உதவி நிதி ஆகியவற்றைக் கேட்கலாம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் ஒன்ராறியோ அரசின் மாணவர் உதவித் திட்டமான 'ஓசாப்'புக்கு விண்ணப்பிக்கலாம். கேட்பது வெட்கமல்ல.

வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி

"இண்டைக்கு அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் வந்தவையோ?" இதைப் பெற்றோர் ஒருபோதும் கேட்கக்கூடாது. நோயாளர் பற்றிய விபரங்களை ஒன்ராறியோவில் 2004 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று காக்கிறது. மாணவருக்கும் அது பொருந்தும். ஒரு பெயர் வெளியே போனால் பிள்ளையின் படிப்பே போகலாம். அதைவிடப் பெரிது, அந்தப் பெயருக்குரியவர் பிறகு வைத்தியரிடம் போகவே மாட்டார். தெரிந்தவர் யாரேனும் அங்கே வந்தால் மாணவர் மேற்பார்வையாளரிடம் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

தமிழ் தெரியும் என்பதற்காக மாணவரை மொழிபெயர்க்க விடுவதும் சரியல்ல. அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. மருந்தின் அளவிலோ தற்கொலை எண்ணத்திலோ ஒரு சொல் தவறினால் உயிர் ஆபத்து.

பிள்ளையின் மனமும் பாரம் தாங்க வேண்டும். போரைக் கண்ட குடும்பத்துப் பிள்ளை இன்னொருவர் துயரத்தை நாள்முழுதும் கேட்டு வந்தால் இரவில் நித்திரை குழம்பலாம். அதை மேற்பார்வையாளரிடம் சொல்வது பலவீனம் அல்ல. பல்கலைக்கழகத்திலும் மாணவருக்கு உளவளத்துணை உண்டு.

எமது தேவை

ரொறன்ரோ தமிழர் மத்தியில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2003 இல் வெளியாயின. 1,600 பேரளவில் விசாரித்ததில் மூன்றிலொருவர் போரின் கொடுமைகளை நேரில் அனுபவித்திருந்தனர். நூற்றுக்கு 12 பேரிடம் அதன் வடு நோயாகவே இருந்தது. அவர்களில் உதவி நாடியவர்கள் மிகச் சிலரே. மொழி தெரியாமை ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம். எமது மொழியும் வாழ்வும் அறிந்த பணியாளர்கள் எங்கிருந்து வருவார்கள்? இந்தக் கடிதங்களைக் கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமிருந்துதான்.

அந்தத் தந்தை முழுமனதோடு சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. "ஆரும் கேட்டால் ஆஸ்பத்திரியிலை படிக்கிறாள் எண்டு சொல்லுவம்" என்ற அளவில் விட்டார். மகள் போனாள்.

மார்கழியில் ஒரு நாள் இரவு தாய் மகளின் அறை வாசலில் வந்து நின்றாராம். 2009 இல் வன்னியில் தம்பியைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசியதில்லை. "பிள்ளை, உப்பிடியான இடத்திலை தமிழிலை கதைக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறார்.

தாயின் துயரைத் தானே கேட்டுத் தீர்க்க மகள் முற்படவில்லை. பயிற்சியில் அவள் படித்த பெரிய பாடம் அது. குடும்ப வைத்தியரிடம் நாள் எடுத்துக் கொடுத்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். தாய் வைத்தியரோடு பேசி முடியும்வரை வெளியே கதிரையில் இருந்தாள். அன்று காரோட்டிச் சென்றவர் தந்தை.

இதனை இங்கு எழுதும்படி சொன்னவர் அந்தத் தாயே. பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் ஒன்ராறியோவில் 211 ஐ அழைத்து 'தமிழ்' என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. உங்கள் பிள்ளை பயிற்சிக் கடிதத்துடன் வந்தால், முதலில் அதை முழுவதும் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.