மலிவான மடக்குக் கத்தியிலும் தரம் பார்க்கலாம்

திருவொற்றியூர், ராயபுரம் கடைத்தெருவில் மடக்குக் கத்தி வாங்க வரும் பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதி விவசாயிகள் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அலகு ஆடினால் ஒட்டுக்குச் சீவும் வெட்டு கோணலாகும், ஒட்டு பிடிக்காது. வேலை நடுவே கத்தி மடங்கினால் விரல் அறுபடும்.

முதலில் மூட்டைச் சோதிக்க வேண்டும். கத்தியை விரித்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். ஆட்டம் கூடாது. தறையாணியின் தலை பிடியோடு படிந்திருக்க வேண்டும். பிரான்சு நாட்டு ஓப்பினல் கத்தியில் 1955-ல் பூட்டு வளையம் சேர்த்தார்கள். நம் மலிவுக் கத்திகள் பலவற்றில் பூட்டு இல்லை. முதுகு வில்லின் இறுக்கமே காப்பு. விரித்ததும் 'டக்'கென்று நிற்க வேண்டும். மூடினால் அலகு பக்கத் தகடுகளில் உரசக் கூடாது.

அடுத்தது இரும்பு. லாரி வில்பட்டையில் கரி 0.5 சதம் அளவுக்கு உண்டு. அதில் அடித்த கத்தி பதம் ஏறும். சாதா இரும்பில் 0.25 சதத்துக்கும் குறைவு, பதம் ஏறாது. காந்தம் இரண்டிலும் ஒட்டுமாதலால் அந்தச் சோதனை பயன்படாது. கடைக்காரர் சம்மதத்துடன் வெட்டுவாய் அருகே பழைய அரத்தை இலேசாக ஓட்டவும். அரம் வழுக்கிச் சென்றால் பதம் உண்டு. ஆழமாகக் கடித்தால் அந்தக் கத்தியை விட்டுவிடலாம்.

சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். எண்ணூர்க் கரையோர உப்புக் காற்றில் துரு விரைவில் ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் கத்தி பல ஆண்டு உழைக்கும்.