இலவசம்னா என்ன விலை, மாப்ளே?

"மாப்ளே, விண்டோஸ் 10 செத்துப் போச்சாமே! காரியம் என்னிக்கு?"

மதுரை கீழமாசி வீதியிலிருந்து மாமா போன். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட்டை நிறுத்தியது 2025 அக்டோபர் 14. மறுநாளே துக்கம் விசாரிக்கிறார்! மாமாவுக்கு மளிகை மொத்த வியாபாரம். கடையில் எட்டு கம்ப்யூட்டர். அதில் ஐந்து, விண்டோஸ் 11-ஐ உள்ளே விடாத கிழங்கள்.

"பேசாம எல்லாத்துக்கும் லினக்ஸ் போட்டுடலாமா? ஓசிதானே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த யோசனையை 2017-ல் அவர் தலையில் கட்டிய புண்ணியவான் நான்தான்.

அந்த வருஷம் மே மாதம் வானாக்ரை என்றொரு சமாசாரம் பல தேசங்களில் விண்டோஸ் மிஷின்களுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டு, '300 டாலர் கொடு, திறக்கிறேன்' என்றது. பேப்பரில் படித்த மாமா மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். பி.காம். படித்துவிட்டு, பத்திரிகையில் கம்ப்யூட்டர் பற்றி எழுதும் மருமகனை விட்டால் அவருக்கு வேறு யார்?

ஜம்பமாகச் சொன்னேன். "லினக்ஸுக்கு மாறிடுங்க மாமா. 1991-ல ஹெல்சிங்கியில லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு காலேஜ் பையன் ஆரம்பிச்சது. பைசா கிடையாது. வைரஸ் எட்டிக்கூடப் பார்க்காது."

ஒரே ஞாயிற்றுக்கிழமை. எட்டு மிஷினையும் மாற்றிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கள் காலை கணக்குப்பிள்ளை வந்தார். முப்பது வருஷ சர்வீஸ். கணக்கு சாஃப்ட்வேரைத் தேடினார். காணோம். அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. லினக்ஸில் குட்டிக்கரணம் போடவைத்தால்தான் எழுந்திருக்கும். பில் பிரிண்டரும் மௌன விரதம். வாசலில் இரண்டு லாரி சரக்கு. மனிதர் பேசாமல் அலமாரியிலிருந்து பழைய பில் புக்கையும் கார்பன் பேப்பரையும் எடுத்தார். ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வேறு வரப்போகிறது.

மூன்றாம் நாள், "முதலாளி, எனக்கு வயசாயிடுச்சு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனாப் பார்த்துக்குங்க" என்று மாமாவிடம் சாவிக்கொத்தை நீட்டிவிட்டார்.

தப்பு செய்தவன் நான். வேலையை விடக் கிளம்பியவர் அவர். அன்றைக்கு ஏற்பட்ட உறுத்தல் இன்னும் போகவில்லை.

கையைக் காலைப் பிடித்து அவரை உட்காரவைத்தேன். ராவோடு ராவாக ஏழு மிஷின்களில் விண்டோஸைத் திரும்பப் போட்டேன். எட்டாவதில் மட்டும் லினக்ஸ். மேஜையில் இல்லை, மூலையில், சர்வராக. அதில் சாம்பா என்ற சாஃப்ட்வேர். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுத ஆரம்பித்தது. லினக்ஸ் மிஷினை விண்டோஸ் சர்வரின் பாஷையில் பேசவைக்கும். ரேட் லிஸ்ட், ஸ்கேன் செய்த பில்கள், கணக்கு பேக்கப் எல்லாம் அங்கேதான்.

மிச்சமும் அங்கேதான். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு எடிஷன் வாங்கினால் சர்வருக்கு லைசென்ஸ் தனி. அதை உபயோகிக்கும் ஒவ்வொரு ஆளுக்கோ மிஷினுக்கோ தனி. சத்திரத்துக்கு வாடகையும் கொடுத்து, இலைக்கு இவ்வளவு என்றும் கொடுப்பது மாதிரி.

அப்போ லினக்ஸ்தான் பத்திரமா? அவசரப்படாதீர்கள். வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே ஒட்டு கொடுத்துவிட்டது. ஒட்டாதவர்கள் மாட்டினார்கள். அதே மே மாதக் கடைசியில் சாம்பாவிலும் ஒரு ஓட்டை அம்பலமானது. 2010-லிருந்து இருந்ததாம்! ஓட்டை இல்லாத வீடு கிடையாது ஸார். கூரை ஏறி அடைக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜெர்மனியில் மியூனிக் மாநகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. 2017-ல் 'விண்டோஸுக்கே போவோம்' என்று ஓட்டுப் போட்டது. 2020-ல் வந்த புதுக் கூட்டணி மறுபடி ஓப்பன் சோர்ஸுக்குத் தலையாட்டியது. அவர்களே இந்தப் பாடு என்றால் கீழமாசி வீதி எம்மாத்திரம்!

உங்கள் ஆபீஸில் இந்தப் பேச்சு வந்தால், விலைப் பட்டியலை அப்புறம் பாருங்கள். தினமும் எந்த சாஃப்ட்வேரில் பிழைப்பு ஓடுகிறது? ராத்திரி எட்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுப்ப வருவது யார்? மிஷின் முன்னால் உட்காரப் போகிறவரைக் கேட்டீர்களா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால், லினக்ஸா விண்டோஸா என்பது தானாக விளங்கிவிடும். லைசென்ஸில் மிச்சமான பணத்தில் பாதியை, தெரிந்த ஆளுக்குச் சம்பளமாக எடுத்துவையுங்கள்.

மாமாவுக்கும் அதையே சொன்னேன். கிழங்களில் குடோனில் இருக்கும் மூன்றுக்கு பிரவுசர் மட்டும் போதும், அவை லினக்ஸ். கணக்கு எழுதும் இரண்டுக்குப் பதில் விண்டோஸ் 11-உடன் புது மிஷின்.

"ஆனா மாமா, முதல்ல ஐயாகிட்டே ஒரு வார்த்தை கேட்கணும்."

போன் கை மாறியது.

"நல்லா செய்ங்க தம்பி" என்றார் கணக்குப்பிள்ளை. "20-ம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கிடுறேன், அப்புறமா வாங்க."

"சரிங்கய்யா."

"இன்னொண்ணு தம்பி... அந்தப் பில் புக்கை நான் இன்னும் தூக்கிப் போடலை."