ஒரே வண்டியில் இரு வகை டயரா?

டயர் என்பது வெறும் ரப்பர் அன்று. அதனுள் நூலிழை அடுக்குகள் புதைந்துள்ளன. பழைய வகை டயரில் இவ்விழைகள் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். 1946-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரிலோ, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அதனால் அதன் பக்கச்சுவர் எளிதில் வளையும்.

மோட்டார் சைக்கிள் சாய்ந்தல்லவா திரும்புகிறது! அப்போது முன்டயர் ஒரு விதமாகவும் பின்டயர் வேறு விதமாகவும் நெளிந்தால் வண்டி தள்ளாடக்கூடும். சில வண்டிகளுக்கு உற்பத்தியாளரே சோதித்து, முன்னால் பழைய வகையும் பின்னால் ரேடியலும் பொருத்துவதுண்டு. நாமாக மாற்றிப் பொருத்துவதுதான் ஆபத்து.

டயரின் அளவுக் குறிப்பில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ரேடியல். உங்கள் வீட்டு வண்டியில் பாருங்களேன்!