மாவேலித் தவளையும் அதன் சீஷெல்ஸ் உறவினரும்

ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து வந்துபோகும் மாவேலி மன்னனின் பெயரை, கேரளத்தில் ஒரு தவளைக்கும் வைத்திருக்கிறார்கள். ஊதா நிறம், உப்பிய உடல், பன்றியைப் போல் கூரிய மூக்கு. மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழும் இது, இனப்பெருக்கத்துக்காக மழையை ஒட்டிச் சில நாட்களே வெளியே வரும்.

இதன் தலைப்பிரட்டை 1918-லேயே அறிவியல் பதிவில் ஏறிவிட்டது. அதன் தாய் யாரென்று தெரிய 85 ஆண்டுகள் ஆயின. 2003-இல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசூயும் 'நேச்சர்' இதழில் இதற்கு நாசிகாபட்ராகஸ் சஹ்யாட்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். நாசிகா என்றால் மூக்கு, பட்ராகஸ் என்றால் தவளை, சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் கலந்த பெயர்!

பெயர் வைத்தாயிற்று, எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? மரபணுக்களை ஒப்பிட்டபோது, நெருங்கிய உறவினர் இந்தியாவிலேயே இல்லை. சுமார் 3000 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் வாழும் சூக்ளோசிடே தவளைகளே உறவு. தவளை உப்புக்கடலை நீந்திக் கடக்காது, நிலம்தான் பிரிந்துபோனது. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒருகாலத்தில் கோண்டுவானாவில் ஒட்டியிருந்தவை. 2006-இல் சிலர் இரண்டையும் ஒரே குடும்பமாக்கினார்கள். இன்று இதைத் தனிக் குடும்பமாகவே பெரும்பாலும் கொள்கிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. 2017-இல் தமிழகத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. களப்பணியில் 2014-இல் உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் நினைவாக நாசிகாபட்ராகஸ் பூபதி என்று அதற்குப் பெயர். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையைப் பார்த்து வெளியே வருகிறது; இது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒரே மலை, இரு சரிவு, இரு மழை, இரு இனம்.

வகைப்பாடு ஏதோ பெயர்ப்பலகை மாட்டும் வேலை என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றென்று எண்ணியிருந்தால், கிழக்குச் சரிவின் ஓடைகள் வற்றும்போது "அந்தப் பக்கம்தான் நிறைய இருக்கிறதே" என்று சொல்லிவிடலாம். தனிப்பெயர் வந்தபின் அப்படிச் சொல்ல முடியாது. தலைப்பிரட்டைகள் பாறையை வாயால் பற்றிக்கொண்டு வளர்வது ஓடும் நீரில்தான். ஓடையைத் தடுத்தால், டைனோசார் காலத்திலிருந்து பிழைத்து வந்த ஒரு கிளை அங்கேயே அறுந்துபோகும்.